கணினி கேள்வி பதில்: பவர் சப்ளைக்கு 200 வெள்ளி கூடக் கொடுக்கறது தகுமா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பவர் சப்ளைய பத்தின கேள்விதான் நிறைய, அதாவது சுவத்து கரண்ட்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கற பெட்டி. நம்ம மலேசியாவுல மழைக்காலம் வேற ஆரம்பிச்சிடுச்சு, அதனாலயோ என்னவோ. வேற எதையும் தொடாம இத மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா கம்ப்யூட்டர் வாங்கறப்போ நம்ம ஆளுங்க கடைசியா யோசிக்கறதும், காசு பத்தலன்னா முதல்ல வெட்டறதும் இந்தச் சாமானத்தான்.

கேள்வி: அண்ணே, நான் செந்தூல், காலேஜ் படிக்கறேன். முதல் தடவையா சொந்தமா பிசி செட் பண்ணப் போறேன். ரைசன் 5 5600 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. கடையில கேசிங்கோட சேத்து 500 வாட் பவர் சப்ளை ஒண்ணு 80 வெள்ளிக்குத் (ரிங்கிட்) தர்றேன்றாங்க. கூடப் படிக்கற பையன் 650 வாட் கோல்ட் வாங்குன்றான், அது 300 வெள்ளி. மிச்சம் 220 வெள்ளிக்கு பெரிய எஸ்எஸ்டி வாங்கிடலாமேன்னு தோணுது. நெஜமாவே வித்தியாசம் இருக்கா?

பதில்: இருக்கு தம்பி. ஆனா உங்க ஃப்ரெண்டு சொல்றது முழுக்க சரின்னும் சொல்ல மாட்டேன்.

முதல்ல அந்த 80 வெள்ளி பெட்டிய எடுத்து பக்கத்துல ஒட்டியிருக்கற லேபிளப் பாருங்க. மேல பெருசா 500னு போட்டிருக்கும், அத விடுங்க. கீழ சின்ன கட்டம் போட்டு 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட்னு தனித்தனியா எத்தன ஆம்ப்னு இருக்கும். இன்னைக்கு பிசியில ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடறதெல்லாம் 12 வோல்ட்லதான். அதனால அந்த 12 வோல்ட் ஆம்ப்ப 12ஆல பெருக்குங்க. 22 ஆம்ப்னு போட்டிருந்தா 264 வாட், அவ்ளோதான் அந்த 500. நல்ல கம்பெனி 550 வாட் பெட்டியில 12 வோல்ட் மட்டுமே 45 ஆம்ப் பக்கம் இருக்கும், அதாவது எழுதின வாட் கிட்டத்தட்ட முழுசா அங்கயே கிடைக்கும். கடையில நின்னுக்கிட்டே செய்யக்கூடிய கணக்கு இது, தவுக்கே (கடை முதலாளி) முன்னாடியே ஃபோன எடுத்து பெருக்கிப் பாருங்க, தப்பே இல்ல.

உங்க மெஷினுக்கு எவ்ளோ வேணும்? 4060க்கு 115 வாட், 5600 முழு வேகத்துல ஓடினா 76 வாட், மதர்போர்டு ரேம் ஃபேன் எஸ்எஸ்டி எல்லாம் சேத்து இன்னொரு 50, 60. ஆக 250 வாட். என்விடியாவே 4060க்கு 550 வாட் பவர் சப்ளை போதும்னுதான் சொல்லுது. அப்படின்னா 264 வாட் பெட்டியும் தாங்குமேன்னு கேப்பீங்க. மூச்சு முட்ட முட்ட தாங்கும், எத்தன மாசத்துக்குன்றதுதான் கேள்வி.

ஏன்னா விலை குறைக்கறதுக்கு அவங்க எங்க கை வெக்கறாங்கன்னு பாக்கணும். உள்ள வர்ற கரண்ட வடிகட்டற காயில் இருக்காது, சில பெட்டியில அது இருக்க வேண்டிய எடத்துல வெறும் கம்பித் துண்டு வெச்சு சால்டர் பண்ணியிருப்பாங்க. மின்னல் அடிச்சா அதிக வோல்டேஜ வாங்கிக்கற சின்ன பார்ட் ஒண்ணு உண்டு, எம்ஓவின்னு சொல்வாங்க, அதுவும் இருக்காது. அப்புறம் பாதுகாப்பு சர்க்யூட்டுங்க. வோல்டேஜ் ஏறினா நிறுத்தறது, எறங்கினா நிறுத்தறது, லோடு அதிகமானா நிறுத்தறது, ஷார்ட் ஆனா நிறுத்தறது, சூடு ஏறினா நிறுத்தறதுன்னு ஒவ்வொண்ணும் தனி. மலிவுல இதுல பாதி இருக்காது. பவர் சப்ளை செத்துப் போறது பெரிய விஷயமே இல்ல தம்பி, அது சாகறப்போ கூடவே மதர்போர்டையும் 1,300 வெள்ளி கார்டையும் இழுத்துக்கிட்டுப் போகுதா இல்ல தான் மட்டும் அடங்கிப் போகுதான்றதுதான் விஷயம். நீங்க கூடக் கொடுக்கற காசு முக்கியமா அதுக்குத்தான்.

இன்னொண்ணு நம்ம ஊர் வெயில். பவர் சப்ளைக்குள்ள கரண்ட்ட சேத்து வெக்கற கெப்பாசிட்டர் காஞ்சு போறது சூட்டாலதான், 10 டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. மலிவுல 85 டிகிரி கெப்பாசிட்டர், நல்லதுல 105 டிகிரி, அதுவும் நிப்பான் கெமிக்கான், நிச்சிக்கான், ரூபிக்கான் மாதிரி ஜப்பான் சாமான். ஏர்கோன் இல்லாத ஃப்ளாட் ரூம்ல மத்தியானம் 33 டிகிரி, கேசிங்குக்குள்ள இன்னும் பத்து கூட. நல்ல கம்பெனிங்க 40 இல்லன்னா 50 டிகிரியில முழு வாட்டும் கொடுக்கும்னு எழுத்துல போடறாங்க, மலிவுல 25 டிகிரின்னு போட்டிருப்பாங்க, இல்ல ஒண்ணுமே போட மாட்டாங்க. கோலாலம்பூர்ல எந்த வீட்லங்க 25 டிகிரி?

பின்பக்கம் 115, 230ன்னு சிவப்பு சுவிட்ச் ஒண்ணு தெரிஞ்சா அந்தப் பெட்டிய அப்படியே திருப்பிக் கொடுத்திடுங்க. பழைய டிசைன், ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது கரண்ட்ட சீரா இழுக்கற சர்க்யூட், கிடையாதுன்னு அர்த்தம். யாராவது தெரியாம 115க்கு தள்ளிட்டு நம்ம 230 வோல்ட் கரண்ட்ட போட்டா டமார்னு வெடிச்சிடும்.

சரி, அப்ப 300 வெள்ளி கோல்ட்தான் வாங்கணுமா? இல்ல. (கோல்ட், ப்ரான்ஸ்ன்றது கரண்ட்ட எவ்ளோ வீணாக்காம மாத்துதுன்னு பாத்து கொடுக்கற ஸ்டிக்கர், அடுத்த கேள்வியில விவரமா சொல்றேன்.) 80க்கும் 200க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மலையளவு, 200க்கும் 300க்கும் நடுவுல இருக்கறது கொஞ்சம்தான். நம்பகமான கம்பெனியோட 550 வாட் ப்ரான்ஸ், அஞ்சு வருஷ வாரண்டியோட, 200 வெள்ளி சுத்துவட்டத்துல கிடைக்கும், உங்க மெஷினுக்கு அது தாராளம். படிச்சு முடிச்சு வேலைக்குப் போனதும் பெரிய கார்டா மாத்தப் போறீங்கன்னா மட்டும் இப்பவே 650 கோல்டுக்கு போங்க, 10 வருஷ வாரண்டி இருக்கும், அடுத்த பிசிக்கும் அதையே கழட்டி மாட்டிக்கலாம். எஸ்எஸ்டி அப்புறமா கூட சேத்துக்கலாம், பெரும்பாலும் அதுக்கு ஒரு ஸ்லாட் காலியா இருக்கும்.

கேள்வி: கோல்ட் ஸ்டிக்கர் இருந்தா தரம்னுதானே அர்த்தம்? பிறகு ஏன் சில கோல்ட் 220க்கும் சிலது 400க்கும் விக்குது? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: இந்தக் குழப்பம் எல்லாருக்கும் இருக்கு, நல்லா கேட்டீங்க. 80 ப்ளஸ்ன்றது 2004ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச திட்டம், கரண்ட்ட எவ்ளோ வீணாக்காம மாத்துதுன்னு மட்டும்தான் அது அளக்கும். 115 வோல்ட் டெஸ்ட்ல பாதி லோடுல ப்ரான்ஸ் 85 சதவீதம், கோல்ட் 90, பிளாட்டினம் 92. நம்மளோடது 230 வோல்ட், அதுல இதைவிட கொஞ்சம் கூடவே வரும். டெஸ்ட் பண்றது 23 டிகிரி ரூம்ல. வோல்டேஜ் அலையறது எவ்ளோ, பாதுகாப்பு சர்க்யூட் நேரத்துக்கு வேலை செய்யுதா, கெப்பாசிட்டர் யாரோடது, ஃபேன் எத்தன வருஷம் ஓடும், இதெல்லாம் அந்த ஸ்டிக்கருக்குத் தெரியாது.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி பெரிய பிராண்டு ஒண்ணோட 750, 850 வாட் மாடல் ரெண்டு, கோல்ட் ஸ்டிக்கரோட வந்தது, டெஸ்ட் பண்றவங்க கையிலயே வெடிச்சது. லோடு 120லேருந்து 150 சதவீதம் போற வரைக்கும் விட்டுட்டுத்தான் நிறுத்தற மாதிரி வெச்சிருந்தாங்க, அப்புறம் 110லேருந்து 120க்குள்ள நிறுத்தற மாதிரி மாத்தினதா கம்பெனியே சொல்லிச்சு. கோல்ட் பொய்யில்ல அதுல, எஃபிஷியன்சி நெஜமாவே இருந்துச்சு. பாதுகாப்புதான் இல்ல.

அதனால பிராண்டு பேர மட்டும் நம்பாதீங்க, மாடல் பேர எழுதி ரிவியூ தேடுங்க. வெளிய ஒரு பேர் இருக்கும், உள்ள செஞ்சது வேற ஃபேக்டரி. சீசானிக், சூப்பர் ஃப்ளவர், சிடபிள்யூடி, எஃப்எஸ்பி, கிரேட் வால் இவங்கெல்லாம் மத்த பிராண்டுக்கும் செஞ்சு கொடுக்கறவங்க. ஒரே பிராண்டுல ஒரு சீரிஸ் தங்கமா இருக்கும், இன்னொண்ணு சுமாரா இருக்கும். ஆசிலோஸ்கோப் வெச்சு ரிப்பிள், அதாவது வோல்டேஜ் அலையறத, அளந்து காட்டற ரிவியூவா பாருங்க. 12 வோல்ட்ல 120 மில்லிவோல்ட் வரைக்கும் ஏடிஎக்ஸ்ன்ற பிசி பவர் சப்ளைக்கான பொது விதி அனுமதிக்குது, நல்லது எல்லாம் 30க்குள்ளயே நிக்கும். பெட்டிய பிரிச்சு ஃபேன் கலர காட்டிட்டு லைக் பண்ணுங்கன்றத ரிவியூன்னு எடுத்துக்காதீங்க.

கேள்வி: வணக்கம் ஐயா. பாயான் லெப்பாஸ்ல இருக்கோம். போன வருஷம் இடி மழையில மகனோட கம்ப்யூட்டர் போயிடுச்சு, மோடமும் சேந்து போச்சு. விலை கூடின பவர் சப்ளை போட்டிருந்தா தப்பிச்சிருக்குமா? இப்ப இருக்கற கேசிங்க தொட்டா வேற லேசா சுர்ருங்குது, பயமா இருக்கு.

பதில்: அம்மா, முதல்ல அந்த சுர்ருன்றத பத்தி சொல்லிடறேன், அதுதான் அவசரம். எல்லா பவர் சப்ளையிலயும் கரண்ட் லைன்லேருந்து எர்த்துக்கு சின்ன கெப்பாசிட்டர் வழியா துளியூண்டு கரண்ட் போய்க்கிட்டே இருக்கும், அப்படித்தான் டிசைன். எர்த் சரியா இருந்தா அது சத்தமில்லாம இறங்கிடும். எர்த் இல்லன்னா கேசிங்லயே நிக்கும், தொட்டா சுர்ருங்கும். ஆக பெரும்பாலும் கோளாறு சுவத்து ப்ளக்லயோ எக்ஸ்டென்ஷன்லயோ இருக்கு. மூணு கால் ப்ளக்க ரெண்டு காலா மாத்தற அடாப்டர் எங்கயாவது போட்டிருந்தா உடனே எடுத்திடுங்க. எக்ஸ்டென்ஷன் சிரிம் (தரச் சான்று) லேபிள் இருக்கறதா வாங்குங்க. அப்பவும் சுர்ருன்னா லைசென்ஸ் உள்ள வயர்மேன கூப்பிட்டு எர்த்த அளக்கச் சொல்லுங்க, மகன் வெறுங்கால்ல அதத் தொடவே வேணாம் அதுவரைக்கும்.

மின்னலுக்கு வர்றேன். நல்ல பவர் சப்ளையில இருக்கற எம்ஓவி, ஃபில்டர் எல்லாம் தூரத்துல அடிச்ச மின்னலால லைன்ல ஏறி வர்ற அலைய தாங்கும். ஆனா அந்த எம்ஓவி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேயும், வெளிய ஒண்ணும் தெரியாது. பக்கத்துலயே அடிச்சா எத்தன வெள்ளி பவர் சப்ளையும் காப்பாத்தாது, எந்தக் கம்பெனியும் அப்படி உறுதி கொடுக்க மாட்டாங்க. மோடமும் சேந்து போச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுல ஒரு சங்கதி இருக்கு. மோடம்லேருந்து கம்ப்யூட்டருக்கு வர்ற லேன் கேபிள் செம்புக் கம்பி, மோடம் அடாப்டர் வழியா வந்த அடி அந்தக் கேபிள் வழியா மதர்போர்டுக்குள்ள போயிருக்கலாம். அப்படி வந்ததுன்னா பவர் சப்ளை அந்தப் பாதையிலயே இல்ல, அது எவ்ளோ நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இடி சத்தம் கேட்டா சுவிட்ச ஆஃப் பண்ணா பத்தாது, ப்ளக்க பிடுங்கிடுங்க, லேன் கேபிளையும் பிடுங்கிடுங்க. மலேசியத் தீபகற்பத்தோட மேற்குக் கரை உலகத்துலயே மின்னல் அதிகமா விழற இடங்கள்ல ஒண்ணு, இந்தப் பழக்கத்துக்கு ஈடா எந்த மெஷினும் இல்ல. வீட்ல யாரும் இல்லாத நேரத்துக்கு திடீர்னு ஏறற வோல்டேஜ தடுக்கற சர்ஜ் ப்ரொடெக்டர் ஒண்ணு போடுங்க, அதுவும் எர்த் இருந்தாத்தான் வேலை செய்யும்.

கேள்வி: ஜாலான் ஈப்போவுல சின்ன கணக்காய்வு ஆபீஸ் வெச்சிருக்கேன், ஆறு கம்ப்யூட்டர். கரண்டு பில்லு மிச்சமாகும், எல்லாத்துக்கும் 650 வாட் கோல்ட் மாத்திடலாம்னு ஒருத்தர் கொட்டேஷன் கொடுத்திருக்கார். செய்யலாமா?

பதில்: வேணாங்க. வெறும் கணக்கு சாஃப்ட்வேர், ஈமெயில் பாக்கற மெஷின் 60 வாட்தான் எடுக்கும். 80 சதவீத பவர் சப்ளைன்னா சுவத்துலேருந்து 75 வாட், 90 சதவீதம்னா 67 வாட். வித்தியாசம் 8 வாட். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள், யூனிட் 50 சென்னு வெச்சுக்கிட்டா கூட ஒரு மெஷினுக்கு வருஷத்துக்கு சுமார் 11 வெள்ளி. போட்ட காசு திரும்ப இருபது வருஷத்துக்கு மேல ஆகும்.

அதுவும் அந்த 11 வெள்ளியே சந்தேகம், ஏன்னா 650 வாட்டுக்கு 60 வாட்ன்றது பத்து சதவீதத்துக்கும் கீழ, கோல்ட் டெஸ்ட் ஆரம்பிக்கறதே 20 சதவீதத்துலதான், அதுக்குக் கீழ எஃபிஷியன்சி இறங்கிடும். இருக்கற பவர் சப்ளை பேர் இல்லாத சாமானா இருந்தா சின்ன வாட்ல நல்லதா மாத்துங்க, கரண்டு பில்லுக்காக இல்ல, டேக்ஸ் சீசன்ல மெஷின் நின்னு போகாம இருக்கறதுக்காக. இன்னொரு எச்சரிக்கை: உங்களோடது டெல், எச்பி ஆபீஸ் மெஷினா இருந்தா பல மாடல்ல பவர் சப்ளை அளவும் கனெக்டரும் தனி, கடையில விக்கற சாதா ஏடிஎக்ஸ் உள்ள நுழையாது.

கேள்வி: கேம் விளையாடிட்டு இருக்கறப்போ டப்புன்னு மொத்தமா ஆஃப் ஆயிடுது. நாலு வருஷ பழைய 550 வாட், ஆர்டிஎக்ஸ் 3070. ஆன்லைன்ல கணக்குப் போட்டா 400 வாட்டுக்கு மேல போகல. பவர் சப்ளைதான் காரணமா? (பட்டர்வொர்த்)

பதில்: ப்ளூ ஸ்க்ரீன் எதுவும் வராம, லைட் ஃபேன் எல்லாம் ஒரே நொடியில நின்னு, பின்னாடி சுவிட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் திரும்ப வருதுன்னா, பெரும்பாலும் பவர் சப்ளையோட பாதுகாப்பு சர்க்யூட் வேலை செஞ்சிருக்கு. அது நல்ல பவர் சப்ளைன்றதுக்கும் அதுவே அடையாளம், கோவப்படாதீங்க அது மேல.

3070க்கு 220 வாட்னு எழுதியிருக்கறது சராசரி கணக்கு. கார்டு கண் இமைக்கறதுக்குள்ள, மில்லி செகண்டு நேரத்துக்கு, அதுக்கு ரெண்டு மடங்கு கிட்ட இழுக்கும். பழைய பவர் சப்ளைங்கள டிசைன் பண்ணப்போ இந்த மாதிரி திடீர் இழுப்புக்கு விதி இல்ல. 2022ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிதான் இத கணக்குல எடுத்துச்சு, எழுதின வாட்ட விட ரெண்டு மடங்க 100 மைக்ரோ செகண்டுக்கு தாங்கணும்னு கேக்குது. அதனால ஆன்லைன் கால்குலேட்டர் 400ன்னு சொன்னதும் தப்பில்ல, உங்க மெஷின் நின்னு போறதும் உண்மைதான்.

காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் பண்ணுங்க. கார்டுல ரெண்டு கனெக்டர் இருந்தா, ஒரே கேபிள்ல தொங்கற ரெண்டு தலைய சொருகாம, பவர் சப்ளையிலேருந்து தனித்தனி ரெண்டு கேபிள் இழுங்க. அப்புறம் ஆஃப்டர்பர்னர்ன்ற கிராஃபிக்ஸ் கார்டு சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்ட 75 சதவீதத்துக்கு இறக்கி ரெண்டு மூணு நாள் விளையாடுங்க, கேம் வேகம் பெருசா குறையாது. அதுக்கப்புறம் மெஷின் ஆஃப் ஆகலன்னா காரணம் தெரிஞ்சு போச்சு, 750 வாட் ஏடிஎக்ஸ் 3.0 இல்ல 3.1 ஒண்ணு வாங்கலாம். அப்பவும் ஆஃப் ஆனா சூடு, ரேம், வீட்டு ப்ளக் எல்லாத்தையும் பாக்கணும். மல்டிமீட்டர் வெச்சு 12 வோல்ட் சரியா காட்டுதுன்னு திருப்திப்பட்டுடாதீங்க, அந்த மில்லி செகண்டு இறக்கம் அதுல தெரியாது. எதுவா இருந்தாலும் பெட்டிய மட்டும் திறக்காதீங்க. ப்ளக்க பிடுங்கின பிறகும் உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நின்னுக்கிட்டிருக்கலாம், உயிர் போற விஷயம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்றேன், ஆயர் ஈத்தாம். தினமும் பத்து மணி நேரம் மெஷின் ஓடும். 850 வாட் கோல்ட் வெச்சிருக்கேன், பிளாட்டினத்துக்கு மாறலாமா? லைட் லேசா மினுக்கினாலே மெஷின் ரீஸ்டார்ட் ஆகுது, ரெண்டு ரெண்டரிங் அப்படியே போச்சு.

பதில்: பிளாட்டினம் வேணாம். 500 வாட் லோடு பத்து மணி நேரம்னு வெச்சாலும் கோல்டுக்கும் பிளாட்டினத்துக்கும் வருஷத்துக்கு 20 வெள்ளி சுத்தித்தான் மிச்சம், விலை வித்தியாசம் அத விட பல மடங்கு. சத்தம் தொந்தரவுன்னா வேற, அதுக்கு சைபெனெடிக்ஸ்னு ஒரு லேப் சத்தத்துக்குன்னே தனியா மார்க் கொடுக்குது, லாம்டா ரேட்டிங்னு தேடுங்க.

உங்க பிரச்சினை அந்த மினுக்கல். பவர் சப்ளைக்குள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர் மாடியில வெச்ச தண்ணி டேங்க் மாதிரி, வெளிய கரண்ட் அறுந்தாலும் கொஞ்ச நேரம் இருக்கறத வெச்சு ஓட்டும். கொஞ்ச நேரம்னா 20 மில்லி செகண்டுக்கும் கம்மி, ஏடிஎக்ஸ் விதி எதிர்பாக்கறது அவ்ளோதான், நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டோட ஒரு சுத்தே 20 மில்லி செகண்டு. லேசான மினுக்கலுக்கே விழுதுன்னா உங்க கோல்டுல அந்த கெப்பாசிட்டர சின்னதா போட்டு காசு மிச்சம் பிடிச்சிருக்கலாம், இல்ல காஞ்சு போக ஆரம்பிச்சிருக்கலாம். வாரண்டி இருந்தா அனுப்பிப் பாருங்க. ஆனா எவ்ளோ நல்ல பவர் சப்ளையும் அரை செகண்டு கரண்ட் போறத தாங்காது, உங்க தொழிலுக்கு கரண்ட் போனா பேட்டரியில ஓட்டற யூபிஎஸ்தான் மருந்து. ப்யூர் சைன் வேவ்னு எழுதியிருக்கறதா வாங்குங்க, மலிவு யூபிஎஸ் கொடுக்கற கரடுமுரடான அலை ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில பவர் சப்ளைக்கு ஒத்துக்காது, பேட்டரிக்கு மாறற நொடியிலயே மெஷின் விழுந்திடும். விஏ எண்ண பாக்காதீங்க, வாட் எண்ண பாருங்க.

புதுசா பவர் சப்ளை மாத்தினா பழைய மாடுலர் கேபிள (பெட்டியிலேருந்து தனியா கழட்டக்கூடியது) உள்ளயே விட்டுட்டு பெட்டிய மட்டும் மாத்தற வேலை வேண்டவே வேண்டாம். பவர் சப்ளை பக்கம் இருக்கற சாக்கெட்ல எந்தக் கால்ல எந்த வோல்ட்ன்றதுக்கு பொது விதியே இல்ல, ஒரே பிராண்டுலயே சீரிஸுக்கு சீரிஸ் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய எடத்துல 12 போனா ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே காலி, அதுல கஸ்டமரோட கல்யாணம் இருக்கும்.

கேள்வி: பத்து வருஷ வாரண்டின்னு சொல்லி வித்தாங்க, ரெண்டாவது வருஷமே போச்சு. கடைக்காரர் பொறுப்பில்லன்றார். என்ன செய்றது? (ஜார்ஜ்டவுன்)

பதில்: முதல்ல பெட்டியில உள்ளூர் டிஸ்ட்ரிபியூட்டரோட ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, இருந்தா கடைய விட்டுட்டு நேரா அவங்களக் கேக்கலாம். ஸ்டிக்கர் இல்லன்னா வெளிநாட்டுலேருந்து தனியா எறக்கின சாமானா இருக்கும், அதுக்கு இங்க வாரண்டி பாக்க ஆள் இல்லாம போகலாம், ஆன்லைன்ல அறுபது வெள்ளி கம்மியா கிடைக்கறதுக்கு பல சமயம் அதான் காரணம். ரெண்டு பக்கமும் கை விரிச்சா பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கு, மனு கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, வக்கீல் தேவையில்ல. பிரச்சினை வந்த மூணு வருஷத்துக்குள்ள போடணும். விளம்பரத்துல 10 வருஷம்னு இருந்த ஸ்க்ரீன்ஷாட், ரசீது, கடைக்காரரோட பேசின வாட்சாப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டு போங்க. ரசீது அந்த சூடு பட்டா எழுத்து வர்ற காகிதமா இருந்தா சீக்கிரம் வெளுத்திடும், இன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சிடுங்க.